குருதி உறையா நோயும் மருந்தாய்வும்

கத்தி பட்ட விரலைச் சற்றே அழுத்திப் பிடித்தால் சில நிமிடங்களில் குருதி நின்றுவிடுகிறது. அதனை ஒரு வியப்பென்று நாம் எண்ணுவதே இல்லை. ஆயினும் ஏறத்தாழ 5,000 ஆண் குழந்தைகளுள் ஒன்று, குருதி எளிதில் உறையாத இயல்போடு பிறக்கின்றது. அக்குழந்தையைப் பெரிதும் வருத்துவது புறத்தே தோன்றும் காயமன்று. முழங்காலிலும் முழங்கையிலும் உள்ளே கசியும் குருதியே. மூட்டு வீங்கும், நாளடைவில் முடங்கும். இதுவே ஹீமோபீலியா என்னும் நோய். இதற்கு மருந்து கண்டவர்களைப் பற்றிப் பலர் பேசியுள்ளனர். அம்மருந்தைத் தம் உடலில் முதன்முதல் ஏற்றவர்கள் யாவர், ஏற்குமுன் அவர்களது இசைவை யாரேனும் கேட்டார்களா என்பதே இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள்.

1803ஆம் ஆண்டில் பிலடெல்பியா நகர மருத்துவர் ஜான் கான்ராட் ஆட்டோ, ஒரு குடும்பத்தின் வரலாற்றை ஆராய்ந்து எழுதினார். ஆண்களே நோயுறுகின்றனர், பெண்களோ தாம் நலமாயிருந்தும் தம் மக்களுக்கு அதனை வழங்குகின்றனர் என்று அவர் கண்டது மெய். ஆனால் சோடியம் சல்பேட் என்னும் பேதியுப்பு இக்குருதிப் பெருக்கைத் தீர்க்கும் என்றும் அவர் எழுதிவைத்தார்! குருதி சில வேளைகளில் தானே நிற்கும். நிற்கும் நேரத்தில் கையிலிருந்த மருந்துக்குப் புகழ் போய்ச் சேரும். முறையான ஆய்வு எதற்கு என்று கேட்போருக்கு இதனினும் எளிய விடை வேண்டுமோ?

1934இல் லண்டனில் மேக்பார்லேன் என்னும் மருத்துவர் கண்ணாடி விரியனின் நஞ்சை எடுத்து ஆராய்ந்தார். நம் வயல் வரப்புகளில் உழவர் அஞ்சும் அதே பாம்புதான். மிக நீர்த்த நிலையிலும் அந்நஞ்சு, உறையாக் குருதியை உறையச் செய்தது. பல் பிடுங்கிய புண்ணில் அதனை வைத்துக் குருதியை நிறுத்தினர். எனினும் மேற்புண்ணுக்கு உதவிய அம்மருந்து, மூட்டினுள் கசியும் குருதிக்கு உதவவில்லை.

பெரிய திருப்பம் 1964இல் நேர்ந்தது. அமெரிக்க நாட்டு ஜூடித் பூல் அம்மையார், உறையவைத்த பிளாஸ்மா குளிரிலேயே மெல்ல இளகும்போது அடியில் தங்கும் வண்டலில், நோயாளிக்கு வேண்டிய எட்டாம் காரணி செறிந்திருப்பதைக் கண்டார். அதன்பின் ஆயிரக்கணக்கானோரின் பிளாஸ்மாவை ஒன்றாகக் கலந்து காரணியைப் பொடியாக்கி விற்கும் தொழில் வளர்ந்தது. வீட்டிலேயே ஊசி போட்டுக்கொள்ளும் வசதி வந்தது. ஆனால் கொடுத்தோருள் ஒருவரிடம் நோய்க்கிருமி இருந்தாலும் கலவை முழுதும் கெடும் என்பதை வசதியின் மகிழ்ச்சியில் பலர் மறந்தனர். பிரிட்டனில் மட்டும் குருதி உறையாக் குறையுடையோர் ஏறத்தாழ 1,250 பேர், அவர்களுள் 380 குழந்தைகள், எய்ட்ஸ் கிருமிக்கு ஆளாயினர்.

அந்நாட்டின் ஹாம்ப்ஷயர் பகுதியில் ட்ரெலோர் என்னும் விடுதிப் பள்ளி உண்டு. 1970 முதல் 1987 வரை இந்நோயுடைய 122 மாணவர் அங்குப் பயின்றனர். மருத்துவ நிலையம் பள்ளியிலேயே இருந்தது. பெற்றோர் தொலைவில் இருந்தனர். நீதிபதி லாங்ஸ்டாப் தலைமையிலான விசாரணைக் குழு 2024 மே மாதத்தில் தன் அறிக்கையை வெளியிட்டது. அச்சிறுவர்கள்மீது மருந்தாய்வுகள் நடந்தன. பிள்ளைகளிடமோ பெற்றோரிடமோ பலவேளை இசைவு கேட்கப்படவில்லை என்று அது கண்டது. அவர்களுள் சுமார் 30 பேரே எஞ்சியிருந்தனர். ஆய்வுக்கு உட்படுவோரின் இசைவு இன்றியமையாதது என்று உலக மருத்துவச் சங்கம் ஹெல்சின்கியில் சாற்றியது 1964இலேயே என்பதை நினைக்க நெஞ்சு கனக்கின்றது. அறியாமையால் நேர்ந்தது என்று இதனைத் தள்ளிவிட என்னால் இயலவில்லை.

இனி நம் நாட்டுக்கு வருவோம். 2009 ஜூன் 15 முதல் இந்தியாவில் மருந்தாய்வு ஒவ்வொன்றும், முதல் நோயாளியைச் சேர்க்குமுன் பொதுப் பதிவேட்டில் பதியப்பெறல் வேண்டும். எந்த மருந்து, எந்த மருத்துவமனை, எவர் சேரலாம், எவர் சேரலாகாது என்பவற்றைக் கட்டணமின்றி எவரும் அதில் படிக்கலாம். அரிய நோயுடைய குடும்பத்துக்கு இது பெரிய வாயில். ஆயினும் பதிவேட்டைத் தாமே படித்து முடிவு செய்வதைவிட, தம்மை நெடுநாள் அறிந்த ஹீமோபீலியா மருத்துவரிடம் அதனைக் கொண்டுசென்று காட்டுவதே நன்று. ஏனெனில் நிபந்தனைகள் நுட்பமானவை. எட்டாம் காரணியை எதிர்க்கும் பொருள் உடலில் உண்டா, கல்லீரல் எந்நிலையில் உள்ளது என்பன போன்றவை முதலில் கேட்கப்படும்.

வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் நிகழ்ந்த ஆய்வு ஒன்றின் முடிவு 2024 டிசம்பரில் வெளியாயிற்று. கடுமையான நோயுடைய ஐவர், 22 முதல் 41 வயது வரையினர், அதில் சேர்ந்தனர். அவர்களுடைய மூல அணுக்களை எடுத்து, எட்டாம் காரணியின் மரபணுவை அவற்றில் புகுத்தி, மீண்டும் உடலிலேயே செலுத்தினர். இதற்கு முன் கடுமையான மருந்தால் எலும்பு மஜ்ஜையை வெறுமையாக்க வேண்டியிருந்தது. அந்நாட்களில் குருதியணுக்கள் குன்றும். பிற தொற்றுகளுக்கு அஞ்ச வேண்டும். இத்தனையும் தெரிந்தே அவர்கள் உடன்பட்டனர்.

இசைவு தந்தவர் எப்போது வேண்டுமானாலும் விலகலாம் என்று விதி கூறுகின்றது. மாத்திரையாயின் அவ்விதி முழுமையாகப் பொருந்தும், நிறுத்தினால் தீர்ந்தது. அணுவிற் புகுந்த மரபணுவையோ திரும்பப் பெற வழியில்லை. விலகுபவர் சோதனைகளிலிருந்து விலகலாமே அன்றி மருந்திலிருந்து விலக இயலாது. ஆகவே இத்தகைய ஆய்வில் கையொப்பமிடுமுன் கேட்கும் கேள்விகள் வேறு: பயன் குன்றினால் பின்னர் வேறு மருத்துவம் பெறலாமா? குழந்தைப் பேற்றுக்கு இடையூறு உண்டா? கேடு நேர்ந்தால் செலவை ஏற்பவர் யார்? எத்தனை ஆண்டுகள் வந்து போக வேண்டும்? கேள்வி கேட்பவரை விரைந்து அனுப்பும் ஆய்வில் சேராதிருப்பதே நலம் என்பேன்.

அந்த ஐவருள் மூவருக்கு எட்டாம் காரணி இயல்பான அளவில் ஐந்தில் ஒரு பங்கு முதல் ஐந்தில் இரு பங்கு வரை உயர்ந்தது. மற்ற இருவருக்கு அதனினும் மிகக் குறைவு. ஐவரையும் சேர்த்துக் கணக்கிட்ட 81 மாதக் காலத்தில் ஒருமுறையேனும் எவருக்கும் குருதிப் பெருக்கு நேரவில்லை.