ஒரு டாலருக்குப் போன குக்கீ

சாக்லேட் சிப் குக்கீ பிறந்த கதை என்று பலரும் சொல்வது இதுதான். ரூத் வேக்ஃபீல்டு என்ற அமெரிக்கப் பெண்மணி மாவில் சாக்லேட் துண்டுகளைப் போட்டாராம். உருகிக் கலந்துவிடும் என்று நினைத்தாராம். உருகவில்லையாம். ஆக, எல்லாம் ஒரு விபத்து!

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது... ஆனால் ரூத் அடுப்படிக்குப் புதியவர் அல்ல. 1924-ல் மனையியல் படித்து முடித்தவர், உணவியல் நிபுணராக வேலை பார்த்தவர். 1930-ல் கணவர் கென்னத்தோடு மாசசூசெட்ஸின் விட்மன் ஊரில் 'டோல் ஹவுஸ்' விடுதியை வாங்கி நடத்தினார். ஐஸ்கிரீமோடு கொடுத்துவந்த பட்டர்ஸ்காட்ச் குக்கீக்குப் பதிலாகப் புதிதாக ஒன்று தர வேண்டும் என்று யோசித்தே செய்ததாக அவரே பின்னாளில் சொன்னார். 1938-ல் அவருடைய சமையல் புத்தகத்தில் வந்த செய்முறை, சாக்லேட்டைப் பட்டாணி அளவுக்கு நறுக்கச் சொல்கிறது. விபத்துக்கு இவ்வளவு அளவு சுத்தமா?

1939-ல் செய்முறையையும் 'டோல் ஹவுஸ்' பெயரையும் பயன்படுத்தும் உரிமையை நெஸ்லேவுக்குக் கொடுத்தார். விலை ஒரு டாலர் என்பார்கள், கூடவே ஆயுள் முழுக்க சாக்லேட். (மறுபயன் பெயரளவுக்கு இருந்தாலே ஒப்பந்தம் செல்லும் என்று வணிகவியல் மாணவர்கள் மனப்பாடம் செய்வார்களே, அதற்கு இதைவிட இனிப்பான உதாரணம் கிடையாது!) நெஸ்லே செய்முறையை உறையில் அச்சிட்டது. நறுக்கும் வேலையே வேண்டாம் என்று குட்டிச் சில்லுகளாகவும் விற்க ஆரம்பித்தது.

ரூத் 1977-ல் இறந்தார். 1984 டிசம்பர் 31 இரவு விடுதியும் எரிந்துபோனது. பாக்கெட்டின் மேல் அந்தப் பெயர் மட்டும் இன்னும் இருக்கிறது.