வந்ததா, வந்ததா?

பல கணினிகள் ஒரே கணக்கைப் பங்கிட்டுச் செய்கையில் செய்தி பரிமாறிக்கொள்வதற்கான எம்பிஐ விதிமுறை 1994இல் வெளிவந்தது. லாஸ் அலமாஸ், டென்னசி, இந்தியானா ஆகிய இடங்களில் தனித்தனியே வளர்ந்த நிரல் நூலகங்களின் அனுபவம் கூடி 2004இல் ஓபன் எம்பிஐ உருவாயிற்று.

அதனுள் 'ஓபல் புரோகிரஸ்' என்றொரு சிறு செயற்கூறு உண்டு. வலையட்டை, பகிர்நினைவகம் முதலியவற்றைக் கவனிக்கும் பகுதிகள் தத்தம் அழைப்பை அதனிடம் பதிந்து வைக்கும். அது ஒவ்வொன்றாக அழைத்து, 'ஏதேனும் வந்ததா?' என வினவிக்கொண்டேயிருக்கும். வீண்வேலையாகத் தோன்றலாம். ஆனால் உறங்கும் நிரலை இயங்குதளம் தட்டியெழுப்புவதற்குள் சில மைக்ரோநொடிகள் கழிந்துவிடும். விரைவு வலையில் சிறு செய்தி வந்து சேர்வதோ ஓரிரு மைக்ரோநொடியில்.

'முன்னேற்றம்' என்ற பெயர்தான் சற்று மிகை. நிரல் நூலகத்துக்குள் நுழைந்தால்தான் பெரும்பாலும் இந்த வினவல் நடக்கும். அது நெடுங்கணக்கில் மூழ்கிவிட்டால், பெரிய செய்தியின் முன்னறிவிப்பு வாசலிலேயே நிற்கும். 'அனுப்புக' என்னும் விடை போகாது. அதனால்தான் கணக்கின் நடுவே, பொருளற்றதுபோல் ஒரு 'டெஸ்ட்' அழைப்பைச் செருகி வைக்கிறார்கள்.