ஆண்டுக்கு ஆண்டு கண்ணாடி மாறுகிறதா? கருவிழியையும் அளந்து பாருங்கள்

மூன்றாம் படிவத்தில் கண்ணாடி போட்ட பையனுக்கு எஸ்.பி.எம். எழுதுவதற்குள் மூன்று முறை கண்ணாடி மாற்றியாகிவிட்டது. ஒவ்வொரு தடவையும் ‘சிலிண்டர்’ பவர் கூடுகிறது. புதுக் கண்ணாடி போட்டாலும் எழுத்துக்குப் பக்கத்தில் நிழல் எழுத்து தெரிகிறது. இரவில் எதிரே வரும் மோட்டார் சைக்கிளின் விளக்கு வால் முளைத்தது போல் நீள்கிறது. வீட்டில் பழி கைப்பேசியின் மேல் விழும். சாதாரணக் கிட்டப்பார்வையாகவும் இருக்கலாம். ஆனால் சிலருக்கு இதுதான் கெரட்டோகோனஸ் எனும் கூம்புக் கருவிழி நோயின் முதல் அறிகுறி.

கண்ணின் முன்புறத்தைக் கைக்கடிகாரக் கண்ணாடி போல் மூடியிருக்கும் தெளிந்த படலம் ‘கோர்னியா’. அதன் நடுப்பகுதி சுமார் 0.54 மில்லிமீட்டர் தடிப்பு கொண்டது. அது மெலிந்து, பெரும்பாலும் நடுவிலிருந்து சற்றுக் கீழே, கூம்பு போல் முன்னால் தள்ளுவதே இந்நோய். பருவ வயதில் தொடங்கி, 30 அல்லது 40 வயது வரை கூடி, பிறகு அநேகமாக நின்றுவிடும். 1854-இல் ஆங்கிலேய மருத்துவர் ஜான் நாட்டிங்ஹாம் இதை விரிவாக எழுதிவைத்தார்.

நம்மவர்கள் இதைக் கவனிக்க வேண்டியதற்குக் காரணம் உண்டு. இங்கிலாந்தின் லெஸ்டர் வட்டாரத்தில் நடந்த ஆய்வு ஒன்று 2000-இல் வெளியானது. அங்குள்ள தெற்காசிய வம்சாவளியினரிடம் இந்நோய் வெள்ளையரைவிட ஏறக்குறைய நான்கு மடங்கு அதிகம் என்றும், அவர்களுக்கு இளம் வயதிலேயே வருகிறது என்றும் அது காட்டியது. குடும்பத்தில் ஒருவருக்கு இருப்பது, ஒவ்வாமையால் கண் அரித்து ஓயாமல் கசக்குவது, டவுன் சின்ட்ரோம் ஆகியவையும் ஆபத்தைக் கூட்டுபவை. கண்ணைக் கசக்கும் பழக்கத்தைப் பலரும் ஒரு பொருட்டாகவே நினைப்பதில்லை. உண்மையில் முதலில் நிறுத்த வேண்டியது அதுதான்.

நோய் முற்றினால் கண்ணில் விளக்கடித்துப் பார்த்தே மருத்துவர் சொல்லிவிடுவார். கீழே பார்க்கும்போது கீழ் இமை ‘வி’ வடிவில் பிதுங்கும். கூம்பின் அடியில் பழுப்பு வளையம் தெரியும். தொடக்கத்தில் இவை எதுவும் இருக்காது. அப்போது அளவுகளை நம்பித்தான் ஆக வேண்டும்.

பவர் பார்க்கும்போது கண்ணுக்குள் பாய்ச்சும் ஒளி கத்தரிக்கோல் திறந்து மூடுவது போல் அசைந்தால், அனுபவமுள்ள ஆப்டோமெட்ரிஸ்டுக்குச் சந்தேகம் வரும். அடுத்து, கருவிழியின் வளைவை அளக்கும் கெரட்டோமீட்டர். பலருக்கும் இது 43, 44 டயாப்டர் அளவில் இருக்கும். 47-ஐத் தாண்டினால் சந்தேகம் கொள்ளலாம். ஆனால் இக்கருவி நடுவில் சுமார் 3 மில்லிமீட்டர் வட்டத்தை மட்டுமே அளக்கிறது. கூம்பு கீழே முளைத்தால் அதன் கண்ணில் படாமலேயே போகலாம். ‘கடையில் எல்லாம் நார்மல் என்றார்களே’ என்று பெற்றோர் பிறகு திகைப்பது இதனால்தான்.

இந்தக் குறையைத் தீர்ப்பது டோப்போகிராஃபி. போர்த்துகல் மருத்துவர் பிளாசிடோ 1880-களில் வட்டத்துக்குள் வட்டமாகக் கறுப்பு வெள்ளை வளையங்கள் வரைந்த தட்டைக் கண்ணெதிரே பிடித்து, கருவிழியில் விழும் பிம்பத்தைப் பார்த்தார். வளையங்கள் நெருங்கியிருக்கும் இடம் செங்குத்தாக வளைந்த இடம். இன்று கணினி அதே வளையங்களைப் படித்து வண்ணப் படமாக்குகிறது: செங்குத்தான இடம் சிவப்பு, தட்டையான இடம் நீலம். மேல்பாதியைவிடக் கீழ்பாதி சுமார் 1.4 டயாப்டருக்கு மேல் செங்குத்தாக இருந்தால் மருத்துவர் கூர்ந்து பார்ப்பார்.

அதுவும் முன்பக்கத்தை மட்டுமே காட்டும். கருவிழியின் மேல்தோல் சுமார் 0.05 மில்லிமீட்டர்தான். அது பொல்லாதது, கூம்பு எழும் இடத்தில் தான் மெலிந்து, சுற்றிலும் தடித்து, மேட்டை மறைத்துவிடும். சுவரில் விழுந்த புடைப்பைச் சுண்ணாம்பு பூசி மறைப்பது போலத்தான். ஆகவே பின்பக்க வளைவையும், எந்த இடத்தில் எவ்வளவு தடிப்பு என்பதையும் காட்டும் ஷெய்ம்ஃப்ளக் கேமரா, மேல்தோலைத் தனியாக அளக்கும் ஓ.சி.டி. ஸ்கேன் ஆகியவை தேவைப்படுகின்றன. இவற்றில் ஊசி கிடையாது, வலி கிடையாது. தாடையை வைத்து ஒரு புள்ளியைப் பார்த்தால் சில விநாடிகளில் முடிந்துவிடும்.

காண்டாக்ட் லென்ஸ் போடுபவர்கள் கவனிக்க: லென்ஸ் கருவிழியைத் தற்காலிகமாக அழுத்தி வடிவத்தை மாற்றும். மென்லென்ஸ் என்றால் ஓரிரு வாரம், கடின லென்ஸ் என்றால் இன்னும் அதிக நாள் கழற்றி வைத்த பிறகே ஸ்கேன் நம்பகமானது. உலர்ந்த கண்ணும் படத்தைக் குழப்பும். சந்தேகத்துக்குரிய ஒரு படத்தை வைத்துத் தீர்ப்பு சொல்லாமல், சில மாதங்களில் மீண்டும் எடுத்து ஒப்பிடுவார்கள். பிள்ளைகளுக்கு இந்த இடைவெளி குறைவு.

இவ்வளவு மெனக்கெடுவது எதற்கு? ‘கிராஸ்-லிங்கிங்’ எனும் சிகிச்சைக்காக. வைட்டமின் பி2 சொட்டு விட்டு, புற ஊதாக் கதிர் காட்டி, கருவிழியின் நார்களை இறுக்குவார்கள். ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் உருவாகி 2003-இல் முடிவுகள் வெளியான முறை இது. நோய் மேலும் வளராமல் பெரும்பாலோருக்கு நிறுத்திவிடும். இழந்த பார்வையை முழுமையாகத் திருப்பித் தராது, கண்ணாடியும் தேவைப்படலாம். வழக்கமான முறைக்குக் கருவிழி குறைந்தது 0.4 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். அதற்குக் கீழே மெலிந்துவிட்டால் வழி சுருங்கும். பிறகு கடின லென்ஸ், சிலருக்குக் கருவிழி மாற்று அறுவை.

கண்ணாடியே வேண்டாமென்று லேசிக் செய்ய நினைக்கும் இளையோரும் இந்த ஸ்கேனைத் தவிர்க்கக் கூடாது. மறைந்திருக்கும் கூம்புக் கருவிழியை லேசரால் மேலும் மெலியச் செய்தால் அது வேகமாகப் பிதுங்கக்கூடும்.

எல்லாக் கண்ணாடிக் கடையிலும் இந்தக் கருவி இருக்காது. மலேசியாவில் அரசாங்க சுகாதார கிளினிக்கிலும் சிங்கப்பூரில் பாலிகிளினிக்கிலும் கடிதம் வாங்கி மருத்துவமனையின் கண் பிரிவுக்குப் போகலாம். போகும்போது பழைய கண்ணாடிச் சீட்டுகள் அத்தனையையும் எடுத்துச் செல்லுங்கள். பவர் எவ்வளவு வேகமாக ஏறியது என்பதை அவை சொல்லும். அண்ணனுக்கு நோய் உறுதியானால் தம்பி, தங்கையையும் ஒருமுறை அந்தக் கருவியின் முன் உட்காரவைக்கச் சொல்லிக் கேளுங்கள்.