முகவரி கேட்கும் சின்னப் பெட்டியின் கதை

எந்தக் கடையின் இணையதளத்தைத் திறந்தாலும் அடியில் ஒரு சின்னப் பெட்டி இருக்கும். 'உங்கள் மின்னஞ்சலைக் கொடுங்கள், புதுச் சரக்கு வந்தால் சொல்கிறோம்' என்று மேலே எழுதியிருக்கும். முகவரியைத் தட்டிப் பொத்தானை அமுக்கினால் அடுத்த வாரமே மடல் வந்துவிடும். பல நேரங்களில் அந்தத் தளம் ஓடுவது ஒரு கம்பெனியின் இயந்திரத்தில். மடலை அனுப்புவது வேறு கம்பெனி. இரண்டுக்கும் நடுவே நம் முகவரி போகும் பாதையை யார் போட்டார்கள்? வணிகவியல் மாணவனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்காதீர்கள். அந்தப் பாதையில் ஓடுவது வாடிக்கையாளர் பட்டியல். வியாபாரத்தில் அதைவிட முக்கியமான சரக்கு ஏது?

கேட்காமல் அனுப்பிய காலம்

1978 மே மாதம். டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷன் என்ற அமெரிக்கக் கணினி நிறுவனத்தின் விற்பனையாளர் கேரி தூர்க், இணையத்தின் மூதாதையான அர்ப்பாநெட்டில் சுமார் 400 பேருக்கு ஒரே விளம்பர மடலை அனுப்பினார். முகவரிகள் எங்கிருந்து கிடைத்தன? அச்சிட்ட பயனர் கையேட்டிலிருந்து. டெலிபோன் டைரக்டரியைப் பார்த்து ஊருக்கெல்லாம் போன் போடுவது மாதிரி! நிறையப் பேர் கோபித்துக்கொண்டார்கள். எரிதங்களின் வரலாறு எழுதுபவர்கள் இந்த மடலில்தான் தொடங்குவார்கள்.

'சேர்த்துக்கொள்' என்று வாசகரே கேட்கும் வழி பெரிதாக வளர்ந்தது 1986-ல். பாரிஸில் படித்துக்கொண்டிருந்த எரிக் தாமஸ் என்ற மாணவர் லிஸ்ட்செர்வ் என்ற மென்பொருளை எழுதினார். அதுவரை பட்டியலில் பெயர் சேர்ப்பதும் நீக்குவதும் ஒரு மனிதர் உட்கார்ந்து செய்த வேலை. இப்போது கட்டளைச் சொல்லை மடலில் எழுதி அனுப்பினால் மென்பொருளே சேர்த்துவிடும், விலக்கிவிடும்.

படிவம் வந்தது, வம்பும் வந்தது

1993-ல் வலைப்பக்கங்களில் படிவங்கள் வந்தன. படிவத்தில் தட்டியதை சர்வரில் உள்ள நிரலுக்குக் கொண்டுபோகும் சிஜிஐ என்ற முறையும் அதே ஆண்டு வந்தது. ஆனால் அந்த நிரலை எழுத எல்லோருக்கும் தெரியாதே?

1995-ல் மாட் ரைட் என்ற பள்ளி மாணவர் தான் எழுதிய நிரல்களை இலவசமாகக் கொடுக்கத் தொடங்கினார். அதில் ஒன்று ஃபார்ம்மெயில். படிவத்தில் நிரப்பியதைத் தளக்காரருக்கு மடலாக அனுப்பிவிடும். ஏராளமான தளங்கள் அதைப் போட்டுக்கொண்டன. ஒரே ஒரு ஓட்டை இருந்தது. மடல் யாருக்குப் போகவேண்டும் என்பதும் படிவத்துக்குள்ளேயே மறைத்து எழுதியிருந்தது. அந்த முகவரியை ஒருவர் மாற்றி அனுப்பினால் சர்வர் அதையும் நம்பியது. எரிதம் அனுப்புபவர்கள் அடுத்தவர் சர்வரில் ஓசிச் சவாரி செய்தார்கள். பின்னாள் பதிப்புகளில் அதை அடைக்க வேண்டியிருந்தது.

இதற்குள் பட்டியலின் மதிப்பு வியாபாரிகளுக்குப் புரிந்துவிட்டது. 2000-ல் டாய்ஸ்மார்ட் என்ற இணையப் பொம்மைக்கடை திவாலானது. வாடிக்கையாளர் விவரங்களை யாருக்கும் தரமாட்டோம் என்று வாக்குக் கொடுத்திருந்த அந்தக் கடை, கடனை அடைக்க அந்தப் பட்டியலையே விற்பனைக்கு வைத்தது. அமெரிக்க வர்த்தக ஆணையம் வழக்குப் போட்டது. கடைசியில், கடையில் பெரும்பங்கு வைத்திருந்த டிஸ்னியின் துணை நிறுவனம் 50,000 டாலர் கொடுத்து அந்தப் பட்டியலை அழிக்கச் செய்தது. பொம்மைகள் போனாலும் முகவரிகளுக்கு விலை இருந்தது, பாருங்கள்.

வெட்டி ஒட்டிய காலம்

மடல் அனுப்புவதையே தொழிலாகச் செய்யும் நிறுவனங்கள் ஒவ்வொன்றாக வந்தன. 1995-ல் ரோவிங் சாஃப்ட்வேர் (பின்னாளில் கான்ஸ்டன்ட் கான்டாக்ட்), 1998-ல் ஏவெபர், 2001-ல் அட்லாண்டாவில் மெயில்சிம்ப். இவர்கள் ஒரு துண்டு நிரலைத் தருவார்கள். அதை நம் பக்கத்தில் ஒட்டினால் போதும். பெட்டி நம் தளத்தில் தெரியும். அமுக்கியதும் முகவரி நேராக அவர்கள் சர்வருக்குப் போகும். நம் சர்வரில் நிரலே வேண்டாம். பட்டியலும் நம் வீட்டைவிட்டு வெளியே போனது அப்போதுதான்.

இன்னொரு பக்கம், நிரல் தெரியாதவர்களும் தளம் கட்டும் சேவைகள் வந்தன. மேரிலாண்ட் பல்கலைக்கழக மாணவர் ஆந்தனி கசலேனா 2003-ல் ஸ்கொயர்ஸ்பேஸைத் தொடங்கினார். 2006-ல் இஸ்ரேலில் விக்ஸ். இவற்றில் தளம் கட்டுபவருக்கு நிரலை வெட்டி ஒட்டுவதே பயம். ஆகவே இரு கம்பெனிகளின் இயந்திரங்களும் ஏபிஐ வழியாகத் தங்களுக்குள் பேசிக்கொள்ள ஏற்பாடு நடந்தது. முதலில் நீளமான ஒரு சாவியை இங்கிருந்து நகலெடுத்து அங்கே போடவேண்டும். பிறகு அதுவும் எளிதானது: மெயில்சிம்ப் கணக்கில் நுழைந்து 'அனுமதிக்கிறேன்' என்று அமுக்கி, எந்தப் பட்டியல் என்று தேர்ந்தெடுத்தால் இணைப்புத் தயார். நேரடி இணைப்பு இல்லாத சேவைகளுக்கு நடுவில் நின்று கைமாற்றிவிடும் ஜேப்பியர் 2011-ல் வந்தது.

சுலபமாகத் தெரிந்தாலும் உள்ளே ஒரு நுணுக்கம் உண்டு. படிவத்தின் கட்டங்களும் பட்டியலின் கட்டங்களும் பொருந்தவேண்டும். பட்டியலில் 'பெயர்' கட்டாயம் என்று வைத்துவிட்டு, படிவத்தில் பெயரே கேட்காவிட்டால் முகவரி பட்டியலில் ஏறாமலே போகலாம். நிரப்பியவருக்கோ 'நன்றி' என்று காட்டியிருக்கும்!

நிஜமாகவே நீங்கள்தானா?

இணைப்பு எளிதாக எளிதாக ஒரு பழைய கேள்வி பெரிதானது. முகவரியைத் தட்டியவர் அதன் சொந்தக்காரர்தானா? இதற்கு விடை இரட்டை ஒப்புதல். முதலில் ஒரு உறுதி மடல் வரும். அதிலுள்ள சுட்டியை அமுக்கினால்தான் பட்டியலில் சேர்ப்பார்கள்.

அது ஏன் வேண்டும் என்பதை 2016 ஆகஸ்ட் காட்டியது. உறுதி கேட்காத ஆயிரக்கணக்கான படிவங்களில் தானியங்கி நிரல்கள் அடுத்தவர்களின் முகவரிகளை நிரப்பித் தள்ளின. அமெரிக்க அரசு முகவரிகள் பல மடல் வெள்ளத்தில் மூழ்கின. அனுப்பியவர்கள் அத்தனை பேரும் ஒழுங்கான கம்பெனிகள்தான்! எரிதத் தடுப்பு அமைப்பான ஸ்பாம்ஹவுஸ் அப்படிப்பட்ட அனுப்புநர்களைத் தடைப்பட்டியலில் போட்டது.

ஆனால் உறுதி மடலைத் திறக்காமல் விடுபவர்கள் நிறைய. ஆகவே பட்டியல் மெதுவாகத்தான் வளரும். 2017 அக்டோபர் கடைசியில் மெயில்சிம்ப் தன் படிவங்களில் ஒற்றை ஒப்புதலை இயல்பு அமைப்பாக்கியது. எதிர்ப்பு வந்ததும் ஐரோப்பிய வாடிக்கையாளர்களுக்கு மட்டும் இரட்டையை விட்டுவைத்தது. 2018 மே 25 முதல் ஐரோப்பாவின் ஜிடிபிஆர் சட்டம் வந்தது. ஒப்புதலைக் காரணம் காட்டி மடல் அனுப்பினால், அது கிடைத்தது என்று நிரூபிக்கும் பொறுப்பு அனுப்புபவருடையது.

குழாய் அறுந்த நாள்

2019 மார்ச்சில் ஷாப்பிஃபையும் மெயில்சிம்பும் பிரிந்தன. ஷாப்பிஃபை கடைகளிலிருந்து மெயில்சிம்புக்குப் போகும் வாடிக்கையாளர் விவரங்கள் முழுமையாகத் திரும்பி வருவதில்லை என்பது ஷாப்பிஃபையின் குற்றச்சாட்டு. எங்கள் வாடிக்கையாளர்களின் தகவலைத் தரச்சொல்லும் நிபந்தனையை ஏற்கமாட்டோம் என்பது மெயில்சிம்பின் பதில். நடுவில் மாட்டிக்கொண்டவர்கள் சிறு கடைக்காரர்கள். மூன்றாம் நபரின் இணைப்புகளைத் தேடி ஓடினார்கள். அதே ஆண்டில் மெயில்சிம்ப் தளம் கட்டும் வசதியைக் கொண்டுவந்தது. ஷாப்பிஃபை மடல் அனுப்பும் சேவையை அறிவித்தது. ஆளுக்கொரு முழுக்கடை! இரண்டும் பிறகு சமாதானமாகி மறுபடி இணைந்தன. 2021-ல் இன்ட்யூட் நிறுவனம் மெயில்சிம்பைச் சுமார் 1,200 கோடி டாலருக்கு வாங்கியது.

இந்தச் சண்டையில் இரண்டு கம்பெனிகளும் 'வாடிக்கையாளரின் நலன்' என்றுதான் பேசின. பெட்டியில் முகவரியைத் தட்டிய ஆளை யாரும் கேட்கவில்லை.

ஏட்டில் இல்லாத சொத்து

இதில் ஒரு வேடிக்கை. இந்தியக் கணக்கியல் தரநிலை 38-ன்படி, ஒரு நிறுவனம் தானே உருவாக்கிய வாடிக்கையாளர் பட்டியலைச் சொத்தாகக் காட்டக்கூடாது. அதற்கான செலவைத் தொழில் வளர்த்த செலவிலிருந்து பிரித்துப் பார்க்க முடியாது என்பது காரணம். பல வருடம் சேர்த்த பட்டியலுக்கு ஏட்டில் மதிப்பு பூஜ்யம். திவாலானாலோ கூட்டாளிகள் சண்டை போட்டாலோதான் அதன் விலை வெளியே தெரிகிறது.

எனக்குத் தோன்றுவது இது. அந்தப் பட்டியலில் மதிப்புள்ள பகுதி முகவரி அல்ல, 'சரி, அனுப்பு' என்ற சம்மதம். கேரி தூர்க்கிடமும் முகவரிகள் இருந்தன, அது இல்லை. 2024 பிப்ரவரி முதல், ஜிமெயில் முகவரிகளுக்கு ஒரே நாளில் 5,000-க்கு மேல் மடல் அனுப்புவோர் தங்கள் விளம்பர மடல்களில் ஒரே அமுக்கில் விலகும் வசதி தரவேண்டும் என்று கூகுள் விதி வகுத்தது. கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறுவதும் கொடுத்த அளவுக்குச் சுலபமாக இருக்கவேண்டும் என்ற நியாயம்தான்.

உங்களில் யாராவது அக்கா கடைக்கோ மாமா கம்பெனிக்கோ இப்படி ஒரு பெட்டி வைத்துக்கொடுத்தால், மூன்று விஷயம் பாருங்கள். உங்கள் சொந்த முகவரியைப் போட்டு, அது பட்டியலில் ஏறுகிறதா என்று சோதியுங்கள். யார் என்றைக்குச் சம்மதித்தார்கள் என்பது பதிவாகிறதா என்று பாருங்கள். பட்டியலை அவ்வப்போது இறக்கி உங்களிடம் ஒரு பிரதி வையுங்கள். குழாய் இரண்டு கம்பெனிகளுடையது. அவர்களுக்குள் எப்போது சண்டை வரும் என்று யாருக்கும் தெரியாது.