திராவிட நாடு: நம்ம ஊர் "பிரெக்சிட்" விவாதம் எப்படி முடிந்தது?

கொஞ்சம் நீண்ட பதிவு. பொறுமையாக வாசிங்க.

2016 ஜூன் 23. ஐரோப்பிய ஒன்றியத்தில் இருக்கலாமா, வெளியேறலாமா என்று பிரிட்டன் மக்கள் ஓட்டுப் போட்டார்கள். வெளியேறலாம் என்றவர்கள் 51.9 சதவீதம். 2020 ஜனவரி 31-ல் வெளியேறியும் விட்டார்கள். இது நாம் எல்லோரும் செய்தியில் பார்த்தது.

அதற்கு 54 வருஷம் முன்னாடியே நம்ம ஊர்க்காரர் ஒருவர் டெல்லி மாநிலங்களவையில் எழுந்து இதே வகைக் கேள்வியைக் கேட்டார். 1962 மே 1. பேசியவர் அறிஞர் அண்ணா. அவருடைய கன்னிப்பேச்சு அது. திராவிட நாட்டுக்கு சுயநிர்ணய உரிமை வேண்டும் என்றார். சபையில் ஏகப்பட்ட குறுக்கீடு. பேசி முடித்துவிட்டுத்தான் உட்கார்ந்தார்.

"ஐயோ, டாக்டர் பிரிவினை பேசறார்" என்று யாரும் கிளம்ப வேண்டாம். இது வரலாறு. அந்த விவாதம் எப்படி ஆரம்பித்தது, எப்படி முடிந்தது, எது முடியவில்லை என்பதுதான் இந்தப் பதிவு.

சரி, முன்கதை.

1938-ல் ராஜாஜி அரசு பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கியது. எதிர்ப்புப் போராட்டம் வெடித்தது. அந்தச் சூட்டில்தான் "தமிழ்நாடு தமிழருக்கே" என்ற முழக்கம் வந்தது. அடுத்து அது "திராவிட நாடு" ஆனது. 1944-ல் சேலத்தில் நீதிக்கட்சி திராவிடர் கழகமாக மாறியது. 1949 செப்டம்பரில் அண்ணா பிரிந்து வந்து தி.மு.க.வைத் தொடங்கினார். பெரியாரிடமிருந்து பிரிந்தாலும் திராவிட நாடு கோரிக்கையை அவர் விட்டுவிடவில்லை.

இதில் மொழி பாதி என்றால், மீதிப் பாதி பணம். "வடக்கு வாழ்கிறது, தெற்கு தேய்கிறது" என்ற கோஷம் மேடைதோறும் ஒலித்தது. இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்தில் பெரிய உருக்காலைகள் பிலாய், ரூர்கேலா, துர்காபூருக்குப் போயின. சேலத்தில் இரும்புத்தாது இருக்கிறதே, எங்களுக்கு எங்கே என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதானே?

இதை நம்ம திண்டுக்கல் கணக்கில் போட்டுப் பாருங்க.

திண்டுக்கல் பூட்டு கைவேலை. அலிகரில் மெஷினில் செய்த பூட்டு குறைந்த விலைக்கு இங்கே வந்து கடையில் தொங்கியதும் நம்ம பட்டறைகள் சுருங்கின. நடுவில் எல்லையும் இல்லை, இறக்குமதி வரியும் இல்லை. ஒரே சந்தை. 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. பெருமைதான். ஆனால் மூடின பட்டறை அதனால் திறக்காது.

இப்போ மறுபக்கம். எங்க அகரம் வழியாக வேடசந்தூர் பக்கம் போனால் வரிசையாக நூற்பாலைகள். அந்த மில்களுக்குப் பஞ்சு குஜராத், மகாராஷ்டிராவில் இருந்து வருகிறது. நூல் பிவண்டி வரைக்கும் போகிறது. அதே ஒரே சந்தைதான் இங்கே சோறு போடுகிறது.

ஆக, ஒரே ஒன்றியம், ஒரே ஊர். பூட்டுக்காரருக்கு நஷ்டம், மில்லுக்கு லாபம். வெளியேறலாமா என்ற விவாதத்தில் "நமக்கு" என்ற சொல்லுக்குள் யார் யார் இருக்கிறார்கள் என்று முதலில் கேட்கணும். மேடையில் இதைப் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. பிரிட்டனிலும் அப்படித்தான். ஐரோப்பாவுக்கு வாரம் 35 கோடி பவுண்டு அனுப்புகிறோம், அதை நம்ம அரசு மருத்துவமனைகளுக்குக் கொடுப்போம் என்று பஸ்ஸில் எழுதி ஊர் ஊராக ஓட்டினார்கள். திரும்பி வரும் பணத்தைக் கழிக்காத கணக்கு அது. அந்நாட்டுப் புள்ளியியல் ஆணையமே கண்டித்தது. பஸ் ஓடியது ஓடியதுதான்.

திராவிட நாட்டுக் கோரிக்கைக்குள்ளேயே ஒரு பெரிய ஓட்டையும் இருந்தது. அந்த நாட்டில் ஆந்திரா, கேரளா, கர்நாடகா எல்லாம் சேர்த்தி. ஆனால் அங்கே யாரும் இதைக் கேட்கவில்லை. 1956 நவம்பர் 1-ல் மொழிவாரி மாநிலங்கள் வந்ததும் ஒவ்வொருவருக்கும் தனி வீடு கிடைத்துவிட்டது. 1961-ல் ஈ.வெ.கி. சம்பத் இந்தக் கோரிக்கை நடக்காது என்று சொல்லிக் கட்சியை விட்டே போனார்.

இருந்தும் 1962 தேர்தலில் தி.மு.க. 15-ல் இருந்து 50 இடங்களுக்கு ஏறியது. அண்ணா மட்டும் காஞ்சிபுரத்தில் தோற்றார். அதனால்தான் மாநிலங்களவைக்குப் போனார்.

அந்த அக்டோபரில் சீனா படையெடுத்தது. அண்ணா கோரிக்கையை நிறுத்திவைத்து, போருக்கு ஆதரவு கொடுத்தார். வீடு இருந்தால்தானே ஓட்டை மாற்ற முடியும் என்ற கணக்கு.

அதோடு விடவில்லை டெல்லி. 1963-ல் அரசமைப்புச் சட்டத்தின் 16-வது திருத்தம் வந்தது. பேச்சுரிமை, கூட்டம் கூடும் உரிமை, சங்கம் அமைக்கும் உரிமை மூன்றையும் "இந்தியாவின் இறையாண்மை, ஒருமைப்பாடு" காரணம் காட்டிக் கட்டுப்படுத்தலாம் என்றது. தேர்தலில் நிற்பவர் அந்த ஒருமைப்பாட்டைக் காப்பேன் என்று உறுதிமொழி எடுத்தே ஆகணும். இன்றைக்கும் நம்ம தொகுதியில் வேட்புமனு கொடுக்கிற ஒவ்வொருத்தரும் எடுக்கிற உறுதிமொழி இதுதான். அண்ணா எதிர்த்துப் பேசினார். திருத்தம் நிறைவேறியது.

இங்கேதான் பிரிட்டனுக்கும் நமக்கும் வித்தியாசம். ஐரோப்பிய ஒன்றியம் நாடுகள் கையெழுத்துப் போட்டுச் சேர்ந்த ஒன்று. அதன் ஒப்பந்தத்தில் 50-வது பிரிவு என்று வெளியே போகும் வாசலே இருக்கிறது. இந்திய ஒன்றியம் அப்படி இல்லை. மாநிலங்கள் ஒப்பந்தம் போட்டுச் சேர்ந்ததல்ல, அதனால் பிரிந்து போகும் உரிமையும் கிடையாது என்று 1948-லேயே அம்பேத்கர் அரசமைப்பு அவையில் விளக்கிவிட்டார். 1963-ல் வாசல் எங்கே என்று கேட்பதற்கும் கட்டுப்பாடு வந்தது.

தி.மு.க. முன்னால் இரண்டே வழி. கோரிக்கையோடு தேர்தலை விட்டு வெளியே நிற்பது. அல்லது கோரிக்கையை விட்டுவிட்டு உள்ளே இருந்து கேட்பது. 1963 நவம்பரில் கட்சி இரண்டாவதை எடுத்தது. கோரிக்கையை விடுகிறோம், அதற்கான காரணங்கள் அப்படியேதான் இருக்கின்றன என்பது அண்ணாவின் நிலை.

இதைக் கோழைத்தனம் என்றவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. உள்ளே இருந்து என்ன வாங்கினார்கள் என்று பாருங்க.

1967-ல் ஆட்சி. 1969 ஜனவரி 14 முதல் மாநிலத்துக்குப் பெயர் தமிழ்நாடு. அதே 1969-ல் கலைஞர் அரசு மத்திய மாநில உறவை ஆராய ராஜமன்னார் குழுவை அமைத்தது. அதில் ஒரு உறுப்பினர் டாக்டர் ஏ. லட்சுமணசாமி முதலியார். மகப்பேறு பாடத்துக்கு நாங்கள் படிக்கும் முதலியார் புத்தகத்தின் அதே முதலியார்! 1971-ல் அறிக்கை. 1974-ல் சட்டமன்றத்தில் மாநில சுயாட்சித் தீர்மானம்.

எல்லாம் கிடைத்துவிடவில்லை. நெருக்கடி நிலை காலத்தில், 42-வது திருத்தம் கல்வியை மாநிலப் பட்டியலில் இருந்து பொதுப்பட்டியலுக்கு நகர்த்தியது. நீட் சண்டைக்கு வேர் அங்கே இருக்கிறது.

இன்னொரு உதாரணம் என் துறையில் இருந்தே. தமிழ்நாட்டில் மாநிலத்துக்கு உரிய முதுநிலை மருத்துவ இடங்களில் பாதி, அரசுப் பணியில் இருக்கும் டாக்டர்களுக்கு ஒதுக்கப்பட்டு வந்தது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் சில வருஷம் வேலை பார்த்தால் மேற்படிப்பு. படித்து முடித்து அரசு ஆஸ்பத்திரிக்கே திரும்பணும். தாலுகா ஆஸ்பத்திரியில் ராத்திரி சிசேரியனுக்கு மயக்க டாக்டர் இருப்பதற்கு இந்த ஏற்பாடு பெரிய காரணம். மத்திய விதியைக் காட்டி 2017-ல் அது நின்றது. டாக்டர்கள் வழக்குப் போட்டார்கள். 2020 ஆகஸ்ட் 31-ல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, இப்படி ஒதுக்க மாநிலத்துக்கு அதிகாரம் உண்டு என்று தீர்ப்பளித்தது. எனக்கும் இதில் சுயலாபம் உண்டு, மறைக்கவில்லை. ஆனால் பெரிய லாபம் பிரசவத்துக்கு வரும் பெண்ணுக்கு.

நிதிக்கணக்கும் இன்னும் ஓடுகிறது. 2011 கணக்கெடுப்பின்படி நாட்டின் மக்கள்தொகையில் நாம் சுமார் 6 சதவீதம். 15-வது நிதிக்குழு மாநிலங்களுக்குப் பிரித்த வரியில் நமக்கு வந்த பங்கு 4.079 சதவீதம். வருமானம் குறைந்த மாநிலத்துக்கு அதிகம் என்பது அந்தச் சூத்திரம். கோபம் வருவது இயல்பு. ஆனால் அந்த ஏழை மாநிலங்களில் இருந்து வந்தவர்தான் இன்று நம்ம மில்லில் நைட் ஷிப்ட் பார்த்துவிட்டு, ஓபியில் வந்து வயிற்றுவலியை இந்தியில் சொல்கிறார். அவர் ஊரில் மில்லும் ஆஸ்பத்திரியும் வரட்டும். அதற்காக நம்ம பங்கு எவ்வளவு குறையலாம், அதை யார் முடிவு பண்ணுவது? இதுதான் 1962-ல் இருந்து பாக்கி இருக்கும் கேள்வி.

அதனால் அடுத்த முறை "வரியே கட்டக் கூடாது", "தனியாப் போயிடலாம்" என்று வாட்ஸ்அப்பில் வந்தால் ஃபார்வர்டு பண்ணாதீங்க. எந்த அதிகாரம், எந்தப் பட்டியல், எத்தனை சதவீதம் என்று கேளுங்க. "கணக்கே கேட்கக் கூடாது, கேட்டால் தேசத்துரோகம்" என்று எதிர்ப்பக்கத்தில் இருந்து வந்தாலும் இதையே கேளுங்க. ஒன்றியத்தில் இருப்போம் என்று 1963-ல் முடிவானது. வாயை மூடிக்கொண்டு இருப்போம் என்று யாரும் முடிவு பண்ணவில்லை.

மாற்றுக்கருத்து இருந்தால் சொல்லுங்க, பேசலாம்.