எச்சமும் முற்றும்

2000-இல் தரமணியில் டைடல் பார்க் திறந்த காலம். இன்னொரு சர்வரிடம் தகவல் கேட்கும் நிரலில், ஒரே அடைப்புக்குறிக்குள் ஏழெட்டு விவரங்கள் வரிசையாக நிற்கும். காத்திருக்க 30 வினாடி, மறுமுயற்சி 3 தடவை. இரண்டும் எண்தானே? இடம் மாறினாலும் கம்பைலர் வாய் திறக்காது.

1994-இல் நால்வர் எழுதிய 'டிசைன் பேட்டர்ன்ஸ்' நூலிலேயே பில்டர் உண்டு. ஆனால் சங்கிலியாகக் கோக்கும் பாணிக்கு மார்ட்டின் ஃபௌலரும் எரிக் எவன்ஸும் 'ஃப்ளூயன்ட் இன்டர்ஃபேஸ்' என்று பெயர் வைத்தது 2005-இல்தான். ஜாவாக்காரர்களிடம் அதைப் பரப்பியது, 2008-இல் வந்த ஜோஷுவா பிளாக்கின் 'எஃபெக்டிவ் ஜாவா' இரண்டாம் பதிப்பு. ஒவ்வொரு விவரமும் தன் பெயரைச் சொல்லிக்கொண்டு வரும். பில்டரையே திருப்பித் தரும். அதிலேயே அடுத்ததைக் கோக்கலாம். கடைசியில் 'பில்ட்' என்றால்தான் கோரிக்கை உருவாகும்.

'கடைக்குப் போய், பால் வாங்கி, காய்ச்சி வை' என்கிறோமே, அதே கதை. எச்சங்கள் முற்றுக்குக் காத்திருக்கின்றன. என்ன, பில்டரில் பெரும்பாலும் வரிசை மாறலாம். பாலைக் காய்ச்சிவிட்டு வாங்க முடியாது!