கணக்கேட்டில் ஏறிய விசுவாசம்: ஹாலே முதல் டோனாவூர் வரை

ஜெர்மனியின் ஹாலே நகரை ஒட்டிய கிளவ்ஹாவில் போதகராக இருந்தவர் ஆகஸ்ட் ஹெர்மன் பிராங்கே. 1695இல் அவர் தம் வீட்டில் ஏழைகளுக்காக வைத்திருந்த உண்டியலில் 4 தாலரும் 16 குரோஷனும் கிடந்தன. அந்தப் பணத்தைக் கொண்டு ஏழைப் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி தொடங்கினார். 1698இல் அனாதை இல்லத்துக்கு அடிக்கல் நாட்டியபோதும் கையில் போதிய பணமில்லை. நெருக்கடி வந்த வேளைகளையும், ஜெபித்ததையும், காசு வந்து சேர்ந்ததையும் அவர் வரிசையாக எழுதி அச்சிட்டார். அந்நூலின் ஆங்கில வடிவம் 1705இல் லண்டனில் வெளிவந்தது.

ஜெபத்துக்கும் விசுவாசத்துக்கும் இடையிலான உறவில் இந்தச் சிறு நூல் ஒரு திருப்பம். சீர்திருத்தக் காலத்து இறையியலில் விசுவாசமே முந்தியது. கால்வின் 1559இல் நிறைவு செய்த தம் பெருநூலில் ஜெபத்துக்கென நீண்ட அதிகாரம் ஒன்றை ஒதுக்கி, அதை விசுவாசத்தின் தலையாய பயிற்சி என்று வைத்தார். கேட்டது கிடைத்ததா என்பதைக் கொண்டு விசுவாசத்தை நிறுவும் தேவை அங்கே இல்லை. பிராங்கே இதை மறுக்கவில்லை. ஆனால் அவருடைய அறிக்கை, ஜெபத்தின் பலனை ஐயப்படுவோர் முன் சான்றாக எடுத்து வைத்தது. ஜெபம் விசுவாசத்தின் வெளிப்பாடு என்ற நிலையிலிருந்து, பிறருடைய விசுவாசத்துக்கு ஆதாரம் என்ற நிலைக்கு நகர்ந்தது. அந்த ஆதாரத்தின் வடிவம் வரவுக் கணக்கு. ஹாலேயின் நிறுவனங்கள் வரவுக்கு ஜெபத்தை மட்டும் நம்பியிருக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மருந்து விற்பனை, நூல் வணிகம், பிரஷ்ய அரசு அளித்த சலுகைகள் என வேறு வழிகளும் இருந்தன. 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய ஹாலே மிஷனரி சீகன்பால்குவுக்கும் படியளந்தவர் டென்மார்க் அரசர்தான்.

இந்தக் கணக்கெழுத்தைக் கடைசி எல்லைவரை கொண்டுபோனவர் ஜார்ஜ் முல்லர். பிரஷ்யாவில் 1805இல் பிறந்தவர். ஹாலேயில் படித்த காலத்தில், பிராங்கேயின் இல்லத்தில் ஏழை இறையியல் மாணவர்களுக்கு இலவசமாகத் தந்த அறையில் சில காலம் தங்கியவர். 1829இல் இங்கிலாந்து சென்றார். மறு ஆண்டே சபை தந்த சம்பளத்தை விட்டார். 1835 நவம்பரில் பிராங்கேயின் வாழ்க்கை வரலாற்றை மீண்டும் கையிலெடுத்தது, பிரிஸ்டலில் அனாதை இல்லம் தொடங்கத் தூண்டுதலாயிற்று. ஆனால் அவர் சொன்ன முதல் நோக்கம் அனாதைகள் அல்லர். கடவுள் இன்றும் ஜெபத்துக்குப் பதில் தருகிறார் என்பதைக் கண்ணால் காணும்படி காட்டி, தளர்ந்துபோன விசுவாசிகளைத் திடப்படுத்துவதே தம் தலையாய நோக்கம் என்று வெளிப்படையாக எழுதினார். பணம் வேண்டுமென்று எந்த மனிதரிடமும் கேட்பதில்லை என்பது அவர் விதித்துக்கொண்ட நிபந்தனை. சோதனைச்சாலையில் பிற காரணிகளை விலக்குவது போன்ற ஏற்பாடு அது.

1836 பிப்ரவரியில் ஒரு வேடிக்கை நடந்தது. பிள்ளைகளைச் சேர்க்க விண்ணப்பம் பெறும் நாள். முல்லர் காத்திருந்தார், ஒருவரும் வரவில்லை. வீடு, பணம், தட்டுமுட்டுச் சாமான், வேலையாட்கள் எல்லாவற்றுக்கும் ஜெபித்தவர், அனாதைகளுக்காக ஜெபிக்கவில்லை. அவர்கள் எப்படியும் வருவார்கள் என்று இருந்துவிட்டார். அன்றிரவு ஜெபித்தார், மறுநாள் முதல் விண்ணப்பம் வந்தது. இதையும் விடாமல் ஏட்டில் எழுதியிருக்கிறார். அந்த நேர்மைதான் அந்த ஏட்டை இன்றும் படிக்க வைக்கிறது. 1870க்குள் ஆஷ்லி டவுனில் ஐந்து பெரிய கட்டடங்கள் எழுந்தன; 2000க்கும் மேற்பட்ட பிள்ளைகள் தங்க இடமிருந்தது.

கேட்காமலிருப்பது சரி, ஆண்டறிக்கையை அச்சிட்டுப் பரப்புவது மறைமுகமாகக் கேட்பது ஆகாதா? இந்தக் கேள்வி முல்லருக்கே தெரிந்திருந்தது. 1841 இறுதியில் கை வறண்டிருந்தபோது, அறிக்கைக் கூட்டத்தை வேண்டுமென்றே தள்ளிவைத்தார். ஜெபக் குறிப்புக்குக் கீழேயே வங்கிக் கணக்கு எண்ணையும் அச்சிடும் இக்கால ஊழியப் பத்திரிகைகள் அந்தக் கூச்சத்தை எங்கேயோ தொலைத்துவிட்டன. சான்று என்று ஒன்றை முன்வைத்தால் குறுக்கு விசாரணையும் வரும். ஜெபத்தின் பலனைப் புள்ளிவிவரத்தால் அளக்க முயன்ற பிரான்சிஸ் கால்ட்டனின் கட்டுரை 1872இல் வெளிவந்தது. நாடே நீடாயுள் வேண்டி ஜெபிக்கும் அரச குடும்பத்தார் மற்ற வசதி படைத்தோரைவிடக் குறைந்த காலமே வாழ்கிறார்கள் என்று அது காட்டியது. 1902இல் உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ், முல்லரின் பக்தியில் கடவுள் ஒரு வணிகக் கூட்டாளியைப் போலத் தெரிகிறார் என்று குறைப்பட்டார். அது முழு நியாயமல்ல என்பது என் கருத்து. நண்பர்கள் சிலரின் மனமாற்றத்துக்காக முல்லர் பல பத்தாண்டுகள் பலன் காணாமலே ஜெபித்தார். அதையும் அவர் மறைக்கவில்லை.

இந்த மரபு நெல்லைச் சீமைக்கு வந்த வழி குடும்ப வழி. முல்லரின் மனைவி மேரியின் அண்ணன் அந்தோணி நாரிஸ் குரோவ்ஸ், எக்ஸிட்டர் நகரில் பல் மருத்துவர். உடைமைகளைத் துறப்பது பற்றி அவர் 1825இல் எழுதிய சிறு நூல் முல்லரையும் பாதித்தது. பாக்தாத்தில் கொள்ளைநோய்க்கு மனைவியைப் பறிகொடுத்தபின் 1833இல் இந்தியா வந்து, பின்னர் சித்தூரில் குடியேறினார். பாளையங்கோட்டையில் மிஷனரி ரேனியஸிடம் படித்த ஜான் கிறிஸ்தியான் அருளப்பன் அவரோடு சேர்ந்து உழைத்தார். மொழிபெயர்ப்பு வேலைக்காகவாவது ஒரு தொகையை நிர்ணயிக்க குரோவ்ஸ் விரும்பினார், அருளப்பன் ஒப்பவில்லை. கூலிக்குப் பிரசங்கிக்கிறான் என்று ஜனங்கள் சொல்வார்கள் என்பது அவர் தந்த காரணம். குரோவ்ஸ் இதை வியப்போடு எழுதியிருக்கிறார்.

வெளியிலிருந்து பார்த்தால் இது முல்லர் 1830இல் செய்த அதே காரியம். ஆனால் பொருள் வேறு. இங்கிலாந்தில் சம்பளத்தை விட்டவர் தம் சபையாரின் தயவிலிருந்து விலகினார். நெல்லையிலோ உபதேசியாருக்குச் சம்பளம் தந்தது மிஷன். எங்கே போவது, என்ன போதிப்பது, யார் ஞானஸ்நானம் கொடுப்பது என்பதெல்லாம் அந்தச் சம்பளத்தோடு பிணைந்திருந்தது. 1835இல் திருச்சபை ஒழுங்கு பற்றி ரேனியஸ் சர்ச் மிஷனரி சங்கத்தோடு முறித்துக்கொண்டதை நேரில் கண்ட தலைமுறை அது. அந்தச் சூழலில் கடவுளிடம் மட்டும் கேட்பேன் என்பது, வெள்ளைக்காரத் துரையிடம் கைநீட்ட மாட்டேன் என்பதும்தான். 1840களில் அருளப்பன் நிறுவிய கிறிஸ்டியான்பேட்டை, ஐரோப்பிய மேற்பார்வை இல்லாமல் விவசாயத்தை நம்பி நின்ற ஊர். 1860இல் அங்கே தொடங்கி நெல்லைப் பகுதியில் பரவிய எழுப்புதல் சுதேசிகளின் தலைமையில் நடந்தது. அந்நிய பாஷையும் தீர்க்கதரிசனமும் கலந்த அதன் ஜெபக் கூட்டங்கள் மிஷனரிகள் பலரை முகம் சுளிக்க வைத்தன. சம்பளம் வாங்காதவரை அடக்குவதற்கு அவர்களிடம் பிடி இல்லை.

அயர்லாந்துப் பெண்ணான ஏமி கார்மைக்கேல் 1901 முதல் அதே நெல்லைச் சீமையின் டோனாவூரில் நடத்திய பணியும் கேட்பதில்லை என்ற நியதியில் நின்றது. கோயிலுக்கு விடப்படும் ஆபத்திலிருந்த பெண் குழந்தைகளைக் காத்த இல்லம் அது. வந்த பணத்தின் கதையை அவரும் 1922இல் தனி நூலாக எழுதினார். முல்லரின் ஏட்டுக்கு அது நேர் வாரிசு. ஆனால் அவருடைய அனுபவம் ஏட்டுக்குள் அடங்கவில்லை. நெய்யூரில் வைத்திருந்த குழந்தைகள் இல்லத்தில் வயிற்றுக்கடுப்பு பரவிப் பல குழந்தைகள் இறந்தன. பணியின் தூணாக இருந்த பொன்னம்மாள் 1915இல் புற்றுநோயால் மறைந்தார். 1931இல் களக்காட்டில் விழுந்து கால் முறிந்த ஏமி, 1951இல் இறக்கும்வரை பெரும்பாலும் அறையிலேயே கிடந்தார். அவர் நலம்பெற ஒரு கூட்டமே ஜெபித்தது, நலம் வரவில்லை.

அரிசிக்கும் கட்டடத்துக்கும் பதில் தருபவர் எலும்புக்கு ஏன் தரவில்லை என்ற கேள்வி, ஜெபத்தைச் சான்றாக்கும் மரபுக்கு நேரடிச் சோதனை. ஏமி 1933இல் வெளியிட்ட 'ரோஸ் ஃப்ரம் பிரையர்', நோயாளி நோயாளிகளுக்கு எழுதிய கடிதங்களின் தொகுப்பு. நலமாக இருப்பவர்கள் எழுதிய ஆறுதல்கள் தமக்கு உதவவில்லை என்று அதில் சொல்கிறார். கிடைக்காத பதிலை விசுவாசக் குறைவின் விளைவாக்கும் எளிய வழியையும் அவர் எடுக்கவில்லை. வலியோடு கிடப்பவர் அதை ஏற்கப் பழகுவதைப் பற்றியே பக்கம் பக்கமாக எழுதுகிறார். கால்வினின் பழைய வரிசை, விசுவாசம் முன்னும் ஜெபம் பின்னுமாக, அங்கே திரும்பி வருகிறது. டோனாவூருக்குப் பணம் அப்போதும் கேட்காமலேதான் வந்துகொண்டிருந்தது. 1922இன் நூலையும் 1933இன் நூலையும் எழுதியது ஒரே கை. இரண்டாவதைப் படிக்க வரவுக் கணக்கு எதுவும் தேவைப்படுவதில்லை.